மூடுவதற்கு முன்னால் கணக்கைக் காட்டுங்கள்

2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஒரு செய்தி சுற்றியது. ஒரு மாணவர்கூட இல்லாததால் 207 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன என்று. உடனே வழக்கமான நாடகம். எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. ஆசிரியர் சங்கங்கள் கண்டித்தன. பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது, மக்கள் பிழைப்பு தேடி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், அரசு என்ன செய்யும் என்று கல்வித்துறை பதில் சொன்னது. ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

இது புதுக்கதையும் இல்லை. 2019ல் அ.தி.மு.க. ஆட்சியில் இதே போல் மாணவர் இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள். அப்போது கண்டித்தவர்கள் இப்போது விளக்கம் சொல்கிறார்கள், அப்போது விளக்கம் சொன்னவர்கள் இப்போது கண்டிக்கிறார்கள். நாற்காலி மாறினால் வசனமும் மாறும், அவ்வளவுதான்.

அரசியலை ஒதுக்கிவிட்டு ஊர்க்காரர்களைப் பார்ப்போம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அழுகிற ஊர், அனுப்பாத ஊர்

பள்ளியை மூடினால் ஊர் கொதிக்கிறது. ஆனால் அந்த ஊரில்தான் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. போராட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர் வீட்டுப் பிள்ளையே அந்த வேனில்தான் போகிறது. "நீங்களே அனுப்பாத பள்ளிக்கு எதற்கய்யா போராட்டம்?" என்று அதிகாரி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் இதை வெறும் இரட்டை வேஷம் என்று தள்ளிவிட முடியாது. கிராமத்தில் தொடக்கப்பள்ளி என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமில்லை. தேர்தல் வந்தால் அதுதான் வாக்குச்சாவடி. புயல், வெள்ளம் வந்தால் அதுதான் தங்குமிடம். கண் பரிசோதனை முகாம், தடுப்பூசி எல்லாம் அங்கேதான். கோயிலுக்குள் யார் வரலாம் என்று இன்னமும் தகராறு நடக்கும் ஊரில்கூட எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சட்டப்படி இருக்கும் ஒரே கட்டிடம் அதுதான். அது போனால் ஊர் என்ற கணக்கிலிருந்தே தங்கள் ஊரை அடித்துவிட்டார்கள் என்று மக்கள் நினைப்பதில் தப்பு என்ன?

இதற்கு நல்ல சாட்சி புதுக்கோட்டை மாவட்டம். 2019ல் நூலகமாக மாற்றப்பட்ட பள்ளிகளில் குளத்தூர், சின்னப்பட்டமங்கலம் பள்ளிகளும் இருந்தன. மூடியபிறகுதான் ஊருக்கு உறைத்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சில நாட்களிலேயே இரண்டும் மறுபடி பள்ளிகளாகத் திறந்தன. பிள்ளைகளே இல்லாத ஊர் இல்லை அது. பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பள்ளிக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூடுவதற்கு ஒரு வருஷம் முன்னால் யாராவது அந்த ஊரில் உட்கார்ந்து பேசியிருந்தால் நூலகப் பலகை எழுதும் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே. கோழிக்கோடு மலாப்பரம்பு பள்ளியை 2014ல் அதன் நிர்வாகியே ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார். ஊர்க்காரர்கள் கூடிப் பணம் போட்டு மறுபடி கட்டினார்கள். 2016ல் நீதிமன்ற உத்தரவுப்படி பூட்டு விழுந்தது. கடைசியில் மாநில அரசே பள்ளியை எடுத்துக்கொண்டது. "லாபமில்லாத பள்ளி" என்று பட்டியல் போடுவது அங்கே சகஜம். பள்ளிக்கு லாபம் நஷ்டம் பார்க்கலாமா என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

லாப நஷ்டமே பார்க்கலாம், சரியாகப் பார்க்கலாம்

சரி, லாப நஷ்டமே பார்ப்போம். பி.காம். முதல் வருஷப் புத்தகம் போதும்.

அதிகாரிகள் சொல்லும் கணக்கு இது: பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், ஒரு சத்துணவுக் கூடம், ஒரு கட்டிடம். மொத்தச் செலவைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு பெரிய தனியார் பள்ளிக் கட்டணத்தையே தாண்டிவிடும். எனவே மூடு.

இது சராசரிச் செலவு. மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க சராசரிச் செலவைப் பார்க்கக்கூடாது, மூடினால் எது மிச்சமாகும் என்று பார்க்க வேண்டும் என்பது காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரிச்சுவடி. கட்டிடம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அந்தப் பணம் திரும்பாது. ஆசிரியர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை, பணிநிரவல் என்று வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், சம்பளம் தொடரும். சாப்பாடு எங்கே போட்டாலும் சாப்பாடுதான். உடனே மிச்சமாவது கரண்ட் பில்லும் சில்லறைச் செலவும்.

அப்படியானால் உண்மையான சேமிப்பு எங்கே? இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009ன் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர். ஒரு பள்ளியில் 12 பேர், பக்கத்து ஊர்ப் பள்ளியில் 45 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக இருந்தால் நாலு ஆசிரியர் வேண்டும். சேர்த்தால் 57 பேர், சட்டப்படி இரண்டே பேர் போதும். இரண்டு பணியிடம் காலி! இதுதான் சேமிப்பு.

ஆனால் மக்களிடம் சொன்ன காரணம் என்ன? "சின்னப் பள்ளியில் ஒரு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார், சேர்த்துவிட்டால் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார்" என்பது. இந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016-17ல் இந்தியாவில் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆவணமே சொல்கிறது. ஐந்து வகுப்பை ஒருவர் கட்டி மேய்ப்பது சுலபமில்லை. ஆனால் மேலே பார்த்த உதாரணத்தில் சேர்த்த பிறகும் 57 பிள்ளைகளுக்கு, ஐந்து வகுப்புக்கு, இரண்டே ஆசிரியர். 45 பேருக்கு இரண்டு பேர் இருந்த இடத்தில் இப்போது 57 பேருக்கு இரண்டு பேர். நிலைமை முன்னைவிட மோசம். நல்ல கல்வி என்ற காரணமும் பணச் சேமிப்பும் ஒரே நேரத்தில் நடக்காது. நாலு ஆசிரியரும் பிள்ளைகளோடு சேர்ந்து போனால் கல்வி மேம்படும், பணம் மிச்சமாகாது. இரண்டு பேர் குறைந்தால் பணம் மிச்சமாகும், கல்வி மேம்படாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்பவர் ஏதோ ஒன்றை மறைக்கிறார்.

அரசின் புத்தகத்தில் குறையும் செலவு பெற்றோரின் புத்தகத்தில் ஏறுகிறது என்பதும் இருக்கிறது. ஆட்டோவுக்குக் காசு. கூலி வேலைக்குப் போகும் அம்மா பிள்ளையைக் கொண்டுவிட்டுக் கூட்டிவர அரை நாள். இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பஸ்தான் வர வேண்டும்.

ஒரு கிலோமீட்டர் யாருக்கு?

தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது ஒரு கோடு. தரையில் அப்படி இல்லை.

காஞ்சிபுரம் பக்கம் திருப்புட்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். (அங்கே எந்தப் பள்ளிக்கும் ஆபத்து என்று அர்த்தமில்லை, உதாரணத்துக்குத்தான்.) ராமானுஜர் சின்ன வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பதால் புள் குழி, புட்குழி. ஊரை ஒட்டி சென்னை பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள் ராவும் பகலும் பறக்கும் ரோடு. இந்த மாதிரி ஓர் ஊரில் பள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு கிலோமீட்டர் என்பது ஜடாயுவுக்குத்தான் ஒரு கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வேறு நாடு.

ரோடு மட்டுமா? ஏரி மதகு, ரயில்வே கேட், மழைக்காலத்தில் நிரம்பும் ஓடை. காலனிக்கும் ஊருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோடு. வேன் வைக்க வசதி இருப்பவர் ஏற்கெனவே போய்விட்டார். கடைசிவரை அந்தப் பள்ளியில் இருப்பது யார்? போக முடியாதவர்கள். பன்னிரண்டு பேர்தானே என்று சொல்லும்போது ஊரிலேயே ஏழையான பன்னிரண்டு வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. பள்ளி தூரமானால் முதலில் நிற்பது அந்த வீட்டுப் பெண்பிள்ளைதான்.

உத்தரப் பிரதேசத்தில் இதுவே நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில் மாணவர் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்க அந்த அரசு உத்தரவு போட்டது. சீதாபூர் மாவட்டத்தின் 51 பிள்ளைகள் பெயரில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. முதலில் தள்ளுபடி. மேல்முறையீட்டில் சீதாபூரில் இருக்கும் நிலையே தொடரட்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதன் பிறகு அரசே இறங்கிவந்தது: ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தாலோ ஐம்பதுக்கு மேல் மாணவர் இருந்தாலோ இணைக்க மாட்டோம் என்று. சத்தம் போட்டதால் கிடைத்தது இது. முதலிலேயே கேட்டிருந்தால்?

பிள்ளைகள் தொலைவது எங்கே?

பிறப்பு விகிதம் குறைந்தது உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 குழந்தைதான். எல்லாப் பள்ளியையும் காப்பாற்ற முடியாது. எஸ்டேட் காலியாகி, லயன் வீடுகள் பூட்டிக்கிடக்கும் நீலகிரி மலையில் யாருக்காகப் பள்ளி நடத்துவது? அங்கே மூடுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பிள்ளைகள் இருந்தும் பள்ளி காலியாகும் ஊர்களில் காரணம் வேறு. அரசுப் பள்ளி ஐந்து வயதில் தொடங்குகிறது. தனியார் பள்ளி மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வருஷம் கழித்துக் கதவைத் திறக்கும் கடைக்கு வாடிக்கையாளர் எப்படி வருவார்? இது தெரிந்துதான் 2019ல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். 2022ல் அதைப் பள்ளிக் கல்வித்துறையிலிருந்து எடுக்கப் போகிறோம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். இந்தக் குழப்பத்தில் எந்தத் தாய் நம்பிச் சேர்ப்பாள்?

இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேரும் ஏழைப் பிள்ளைக்கு அரசே கட்டணம் தருகிறது. அந்தப் பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் தன் பணத்தைக் கொடுத்துத் தன் பள்ளியிலிருந்தே பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறகு பிள்ளை வரவில்லை என்று பூட்டுப் போடுவது என்ன வியாபாரம்?

அதற்காக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பெரிய விஷயம். சமைக்க நேரமில்லாமல் வேலைக்கு ஓடும் தாய்க்கு அதன் அருமை தெரியும். அதே அரசு காலையில் பொங்கல் போட்டு அழைப்பதும் மாலையில் பட்டியல் போட்டுப் பூட்டுவதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டாமா?

உத்திரமேரூர்க்காரர்கள் போட்ட விதி

திருப்புட்குழி இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று ஊர்க்காரியங்களை ஊரே பார்த்துக்கொண்டது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது, அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விதி அருமையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் பேர் கொடுக்க முடியாது. அவர் மட்டுமில்லை, அவரது நெருங்கிய உறவினர்களும்!

அந்த விதி பள்ளிகளுக்கும் பொருந்தும். மாணவர் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இறங்கும்போதே ஊருக்குச் சொல்லுங்கள், பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, வருஷத்துக்குப் பல தடவை கிராம சபை கூடுகிறது. அங்கே கணக்கை வையுங்கள். இந்த ஊரில் ஐந்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் வேனில் போகிறார்கள், மூடினால் எவ்வளவு மிச்சம், அந்தப் பணம் எங்கே போகும், ஆசிரியர்கள் பிள்ளைகளோடு வருவார்களா, ரோட்டைக் கடக்க யார் கூட்டிப் போவார்கள். இத்தனைக்கும் பதில் சொன்னபிறகு ஊரே மூடலாம் என்று சொன்னால் மூடுங்கள். கட்டிடத்தை மட்டும் ஊர் பெயரிலேயே விட்டுவையுங்கள், குளத்தூர் போல மறுபடி தேவைப்படலாம்.

ஊர்க்காரர்களும் ஒரு கணக்குக் காட்ட வேண்டும். கல்விச் சீர் என்று தாம்பாளத்தில் பீரோ, நாற்காலி, ஃபேன் எல்லாம் மேளதாளத்தோடு பள்ளிக்குக் கொண்டுபோகும் நல்ல வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. அந்த ஊர்வலத்தில் பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் அதைவிடப் பெரிய சீர் வேறில்லை.