நிலக்கீழ் வீடுகளில் புகும் மழைவெள்ளம்: சுமை யார் தலையில்?

2024 யூலை 16ஆம் நாள் ரொறன்ரோ நகரில் சில மணி நேரத்துள் பெய்த மழை, பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் எனப் பதிவாகியது. டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை ஆறாக மாறியதையும், யூனியன் புகையிரத நிலையத்துள் வெள்ளம் புகுந்ததையும் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. கமெராக்களுக்கு அகப்படாத இழப்பும் அன்று நிகழ்ந்தது. பழைய குடியிருப்புப் பகுதிகளில், தரைமட்டத்துக்குக் கீழேயுள்ள அறைகளில், மலசலகூடத்தின் வழியாகவும் குளியலறை வடிகாலின் வழியாகவும் கழிவுநீர் மேலெழுந்து கட்டில்களையும் புத்தகங்களையும் நனைத்தது.

இது இந்நகருக்குப் புதிய அனுபவம் அன்று. 2005 ஓகஸ்ட் 19ஆம் நாள் நகரின் வடபகுதியில் மூன்று மணி நேரத்துள் சில இடங்களில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. ஃபின்ச் வீதியின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. வீடுகளின் நிலக்கீழ் தளத்துள் நீர் புகுந்ததாக நகரசபைக்கு அப்போது கிடைத்த முறைப்பாடுகள் 4,200க்கும் அதிகம். 2013 யூலை 8ஆம் நாள் பியர்சனில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. காப்புறுதி செய்யப்பட்ட இழப்பு மட்டும் நூறு கோடி டொலரை அண்மித்தது. 2024 யூலை வெள்ளத்தில் தென் ஒன்ராறியோவில் அது 94 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதமே மீண்டும் பெருமழை பெய்தது.

இருபது ஆண்டுகளில் இத்தனை முறை நிகழ்ந்த ஒன்றை இனியும் இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறிவிட்டு அமைதியடைய முடியாது. யாருடைய வீட்டில் நீர் புகுகிறது, அதற்கான செலவு இறுதியில் யாருடைய தலையில் விழுகிறது என்பவற்றை நாம் ஆராய வேண்டியுள்ளது.

பழைய குழாய்கள், புதிய மழை

பழைய வீடு ஒன்றினுள் வெள்ளம் நுழைவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கழிவுநீர்க் குழாய் பின்னோக்கிப் பாய்தல். ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலசலகூடக் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழையின்போது அக்குழாய் நிரம்பிவிட்டால், நீர் தாழ்வான வழியைத் தேடுகிறது. நிலக்கீழ் தளத்தின் வடிகாலே அந்த வழியாகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பெரும்பாலும் ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை வளர்ந்த ஸ்காபரோ போன்ற புறநகர்களில் குழாய்கள் தனித்தனியாகவே போடப்பட்டன. எனினும், அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் புதைக்கப்பட்ட வடிகுழாய்கள் பல வீடுகளில் நகரின் குழாயுடனேயே இணைக்கப்பட்டிருந்தன. கூரைப் பீலிகளின் நீரும் அவ்வாறே நிலத்தின் கீழ் விடப்பட்டது. எனவே குழாய்கள் தனித்தனியாக இருந்தும் அப்பகுதிகள் தப்பவில்லை.

இரண்டாவது வழி, வீதியிலும் முற்றத்திலும் ஓடும் நீர் கதவு, யன்னல் ஊடாக உள்ளே வருதல். வீதியிலிருந்து வீட்டை நோக்கிக் கீழே சரியும் வாகனப் பாதையுள்ள வீடுகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். மூன்றாவது, அத்திவாரச் சுவரின் வெடிப்புகள் ஊடாக மெல்லக் கசிதல்.

இவை தோன்றிய காலத்தில் முற்றங்களில் புல் இருந்தது. இன்று அவற்றிற் பல சீமெந்தாகவும் தாராகவும் மாறிவிட்டன. மண் உறிஞ்ச வேண்டிய நீர் முழுவதும் குழாய்க்கே செல்கிறது. முன்னர் பொருட்களை வைக்கவும் துணி துவைக்கவும் மட்டும் பயன்பட்ட நிலக்கீழ் தளம், இன்று முழுக் குடும்பங்களின் வசிப்பிடமாகியுள்ளது.

நகரசபை செய்ததும் செய்யாததும்

2005 வெள்ளத்தின் பின்னர் நகரசபை, நிலக்கீழ் வெள்ளத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நகரைப் பல ஆய்வுப் பகுதிகளாகப் பிரித்து, குழாய்களைப் பெருப்பிப்பதும் நிலத்தடித் தாங்கிகள் அமைப்பதும் அதன் நோக்கம். பணிகள் நடைபெற்று வருகின்றன என்பது உண்மை. ஆனால் இத்தகைய வேலை ஒரு தலைமுறைக் காலத்தைக் கோருவது. ஒரு வீட்டைக் காப்பதற்கான செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் திட்டங்கள் பின்தள்ளப்படுவதும் உண்டு. அப்பகுதி மக்கள் காத்திருக்க வேண்டியதே.

கூரைப் பீலிகளை நகரக் குழாயிலிருந்து துண்டிக்க வேண்டும் என்ற கட்டாய விதி 2011 முதல் 2016 வரை படிப்படியாக நகர் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதுவும் பயனுள்ள நடவடிக்கை. ஆனால், துண்டித்த நீரை அத்திவாரத்தின் அருகிலேயே விடுவோர் ஒரு தீமையை மற்றொரு தீமையாக மாற்றிக்கொள்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருவது என்ற வினாவில்தான் அரசியல் தலையிடுகிறது. அயலிலுள்ள மிசிசாகா மாநகரம் 2016 முதல், நீர் உறிஞ்சாத தரையின் அளவுக்கேற்ப மழைநீர்க் கட்டணம் அறவிட்டு வருகிறது. ரொறன்ரோவிலும் இதே யோசனை முன்வைக்கப்பட்டது. 2017இல் அது கைவிடப்பட்டது. 2024 வசந்த காலத்தில் மீண்டும் எழுந்தபோது 'மழைவரி' என்ற ஏளனப் பெயருடன் எதிர்ப்புக் கிளம்ப, பொதுமக்கள் ஆலோசனையே நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் யூலை வெள்ளம் வந்தது. அக்கட்டணம் நடைமுறைக்கு வந்திருந்தாலும் அந்த வெள்ளத்தை அது தடுத்திருக்காது. ஆயினும், பெரும் வாகனத் தரிப்பிடங்களை வைத்திருக்கும் வணிக நிலையங்கள் தாம் அனுப்பும் மழைநீருக்கு உரிய பங்கைச் செலுத்த வேண்டும் என்ற நியாயம் இன்றும் பதிலின்றியே நிற்கிறது.

வீட்டுக்காரருக்கு மானியம், குடியிருப்பவருக்கு?

கழிவுநீர் பின்னோக்கி வருவதைத் தடுக்கும் வால்வு, நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப், அத்திவார வடிகுழாயை நகரக் குழாயிலிருந்து துண்டித்தல் ஆகியவற்றுக்கு நகரசபை மானியம் வழங்குகிறது. பல ஆண்டுகளாக ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் அதன் உச்சவரம்பாக இருந்தது. தொகையும் விதிகளும் மாற்றப்படுவதால், வேலையைத் தொடங்குமுன் 311 என்ற எண்ணில் விசாரித்தல் நன்று. வால்வைப் பொருத்திவிட்டு மறந்துவிடலாகாது. ஆண்டுதோறும் துப்புரவு செய்ய வேண்டும். வால்வு மூடியிருக்கும் வேளையில் மேல்மாடியில் குளித்தால் அந்த நீர் வெளியே செல்ல வழியின்றிக் கீழ்வீட்டிலேயே தேங்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

காப்புறுதியின் நிலை வேறு. கழிவுநீர் பின்னோக்கி வருதலுக்கு மேலதிகப் பணம் செலுத்தித் தனிப் பிரிவு பெற வேண்டும். தரைமேல் ஓடிவரும் வெள்ளத்துக்கான காப்புறுதி கனடாவின் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியதே 2015இல்தான். மெல்லக் கசியும் நீருக்குப் பொதுவாக எதுவும் கிடைப்பதில்லை. 'வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது' என்ற ஒரு வசனத்தை நம்பியிருந்தவர்கள், எந்த வழியால் நீர் வந்தது என்ற கேள்வியின் முன்னால் வெறுங்கையுடன் நின்றதுண்டு.

இவ்வளவும் வீட்டுச் சொந்தக்காரருக்கானவை. கீழே வாடகைக்கு இருப்பவர் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. வீட்டுக்காரரின் காப்புறுதி அவருடைய பொருட்களைக் காக்காது. அவர் தனியாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நகரசபையின் வாடகைக் கட்டடப் பரிசோதனைத் திட்டம் மூன்று மாடிகளும் பத்து வீடுகளும் அதற்கு மேலும் கொண்ட கட்டடங்களுக்கே உரியது. ஆகவே நிலக்கீழ் வீடு அதற்கும் வெளியே நிற்கிறது.

சட்டம் அவரை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டை வசிக்கத்தக்க நிலையில் திருத்திப் பேணும் பொறுப்பைச் சொந்தக்காரர்மீது சுமத்துகிறது. குறை உண்டு என்று அறிந்தே ஒருவர் குடிபுகுந்திருந்தாலும் அப்பொறுப்பு நீங்காது. நகரசபையின் அனுமதி பெறாத நிலக்கீழ் வீடு என்பதற்காக வாடகையாளரின் உரிமை இல்லாமற் போவதும் இல்லை. வாடகைக் குறைப்புக் கோரி வாடகைச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கும் ஒருவர், மொழியும் சட்டமும் தெரியாத நிலையில், இருக்கும் கூரையையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் வாய் திறப்பது அரிது.

வெள்ளம் வடிந்த பின்

நீர் வடிந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவது தவறு. ஈரமான சுவரில் 24 முதல் 48 மணி நேரத்துள் பூஞ்சணம் வளரத் தொடங்கலாம். ஆஸ்துமா உள்ளோரையும் குழந்தைகளையும் அது கடுமையாகப் பாதிக்கும். மின்செருகிகள் வரை நீர் ஏறியிருப்பின், மின்சாரம் துண்டிக்கப்படும்வரை உள்ளே இறங்கலாகாது. எந்தப் பொருளையும் வீசுமுன் புகைப்படம் எடுத்தல் வேண்டும்.

குழாய் உடைந்து வந்த தூய நீரும் கழிவுநீரும் ஒன்றல்ல. கழிவுநீர் தொட்ட கம்பளம், மெத்தை, மென்சுவர்ப் பலகை ஆகியவற்றைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்த முடியாது. சுவரை நீர் ஏறிய மட்டத்துக்கும் மேலே வெட்டி அகற்றி, உள்ளேயிருக்கும் மரச்சட்டங்களை ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் கொண்டு உலர்த்தி, ஈரமானியால் அளந்த பின்னரே புதிய பலகை பொருத்தலாம். செலவைக் குறைப்பதற்காக ஈரச்சுவரின் மேல் வர்ணம் பூசுவது, நோயைச் சுவருக்குள் பூட்டிவைப்பதாகும். 1990க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் தரை ஓடுகளிலும், குழாய் உறைகளிலும், கூரைக் காப்புப் பொருளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பரிசோதனையின்றி உடைத்தால் அதன் துகள்கள் வீடெங்கும் பரவும். குறைந்த கூலிக்கு இவ்வேலைக்கு அழைக்கப்படுவோரில் புதிதாக வந்த எம்மவரும் உள்ளனர் என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

இரு மாடிகளிலும் நாமே

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்நகருக்கு வந்த எம்மவருள் பலர் நிலக்கீழ் வீடுகளிலேயே வாழ்வைத் தொடங்கினர். இன்று அவர்களுட் பலர் வீட்டுச் சொந்தக்காரர்கள். அவர்களது நிலக்கீழ் தளத்தில் இன்று வந்த மாணவரோ அகதிக் குடும்பமோ வசிக்கிறது. அந்த வாடகை மேல்மாடியின் கடனை அடைக்கிறது. இப்பிரச்சினையில் இரு தரப்பிலும் நிற்கும் சமூகம் நாம். ஆகவே நகரசபையின் குழாய் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை எமது கையிலேயே உள்ளன.

வால்வு பொருத்துதல், முன்னர் நீர் புகுந்ததுண்டா என்பதை வாடகைக்கு வருபவரிடம் மறையாது கூறுதல், நிலக்கீழ் தளத்தை வாடகைக்கு விட்டிருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல், வெளியேற இரண்டாவது வழி அமைத்தல் ஆகியன சொந்தக்காரரின் கடமைகள். குடியிருப்பவர் சிறு தொகையிலேனும் வாடகையாளர் காப்புறுதி எடுத்து, ஆவணங்களை உயரத்தில் வைத்தல் அவசியம். அகதிக் கோரிக்கைக்கு ஆதாரமான மூலப் பத்திரம் ஒன்று கழிவுநீரில் அழியுமாயின் எந்தக் காப்புறுதியாலும் அதை மீட்டுத்தர முடியாது.

2021 செப்டெம்பர் முதலாம் நாள் இரவு, 'ஐடா' சூறாவளியின் எச்சம் நியூயோர்க் நகரில் பெருமழையாகக் கொட்டியபோது அங்கு 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 11 பேர் நிலக்கீழ் வீடுகளில் இருந்தவர்கள். பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். ரொறன்ரோவில் இதுவரை இழந்தவை பெரும்பாலும் பொருட்களே. அது உயிராக மாறுமுன் மாநகரசபை தனது திட்டத்தை விரைவுபடுத்த வேண்டும். வாடகைக்கு இருப்போரையும் தனது உதவித் திட்டங்களுள் சேர்க்க வேண்டும். நிலக்கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் எம்மவரோ, அடுத்த மழைக்கு முன்னர் ஒருமுறை கீழே இறங்கிச் சென்று அங்கு குடியிருப்பவருடன் இவை பற்றிப் பேச வேண்டும். அதற்கு நகரசபையின் அனுமதி எதுவும் தேவையில்லை.