வழுவா நடிப்பு

சென்ற பருவத்தின் இறுதியில், தேர்வு நெருங்கியிருந்த ஓர் இரவில், எம் விடுதியில் வழக்கொன்று எழுந்தது. ஒருகாலும் தரம் குன்றாது, தொடக்கமுதல் முடிவுவரை நன்கு நடித்த திரைப்பட நடிகர் யாவர் என்பதே அவ்வழக்கு. படிக்கவேண்டிய நூல்கள் மேசைமேல் திறந்தபடியே கிடந்தன. அவற்றைக் குறித்து எவரும் கவலையுற்றதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு உகந்த கதாநாயகரின் பெயரைக் கூறினர். ஒருவர் கூறிய பெயருக்கு எதிராக, அந்நாயகர் நடித்துத் தோல்வியுற்ற படங்களின் பட்டியலை மற்றொருவர் நீட்டினார். இவ்வாறு நாயகர் பலரும் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்தபின், ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பரொருவர் எழுந்து, ஜான் கசேல் என்னும் அமெரிக்க நடிகரின் பெயரைச் சொன்னார். அவை சிறிதுநேரம் வாயடைத்திருந்தது.

நண்பர் கூறியது பொய்யன்று. கசேல் நடித்த முழுநீளப் படங்கள் ஐந்தே. 1972இல் 'தி காட்பாதர்', 1974இல் 'தி கான்வர்சேஷன்', அவ்வாண்டிலேயே 'காட்பாதர்' இரண்டாம் பகுதி, 1975இல் 'டாக் டே ஆப்டர்நூன்', 1978இல் 'தி டியர் ஹன்டர்'. இவை ஐந்தும் ஆண்டின் சிறந்த படத்திற்குரிய ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பெற்றன. மூன்று அப்பரிசையே பெற்றன. ஐந்துக்கு ஐந்து! அவரோ 1978 மார்ச்சுத் திங்களில், 42ஆம் வயதில், நுரையீரற் புற்றுநோயால் மாண்டார். இறுதிப் படம் வெளிவந்ததை அவர் கண்டிலர். இத்துணைப் பெருமை வாய்ந்த படங்களில் நடித்தும், அவருக்கென்று ஓர் ஆஸ்கார் பரிந்துரையேனும் கிட்டவில்லை என்பது வியப்பிற்குரிய செய்தி.

ஆயினும் யாம் அன்றிரவு அதனை ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. கசேலின் திறமையை யாம் குறைகூற வரவில்லை. ஐந்து படங்களும் ஏழாண்டு எல்லைக்குள் அடங்கியவை. ஏறக்குறைய ஒரே காலம். ஒரே வகைச் சுவையுடைய மக்கள். ஒரே பருவத்து உடல். வாடுமுன் பறிக்கப்பெற்ற மலரை 'வாடாமலர்' என்று போற்றுதல் அன்பின்பாற் படுமேயன்றி ஆராய்ச்சியின்பாற் படாது. காலம் மாறவேண்டும், மக்களின் சுவை மாறவேண்டும், நடிகரின் முகமும் குரலும் மூப்பெய்தவேண்டும். அத்தனையும் மாறியபின்னும் தரம் மாறாது நிற்பவரையே வழுவாதவர் என்றல் தகும். இக்கருத்தை உரைத்து, யாம் டி. எஸ். பாலையாவின் பெயரைச் சொன்னோம். சிலர் நகைத்தனர். 'கதாநாயகரைக் கேட்டால் மாமனாரைக் காட்டுகிறாயே' என்றார் ஒருவர்.

அந்நகைப்பிற்கு விடையாகவே இதனை எழுதுகிறோம்.

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில், நல்லவனொருவனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் தீய நண்பனாகப் பாலையா திரையில் முதன்முதல் தோன்றினார். எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். அடுத்த ஆண்டில் 'அம்பிகாபதி'. நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர், அவருக்கு எதிராக வாளேந்தும் உருத்திரசேனன் பாலையா. அது பாட்டின் காலம். நன்கு பாடத் தெரிந்தவரே நாயகர். ஏனையோர் பாட்டிற்கும் பாட்டிற்கும் இடையே வந்துபோவோர். பின்னர், 1949இல் வெளிவந்த அண்ணாதுரையின் 'வேலைக்காரி' போன்ற படங்களால் உரையாடலின் காலம் பிறந்தது. நாடு பாட்டை விட்டு வசனத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கியது. அப்படத்தில், பழிவாங்கத் துடிக்கும் நண்பனைத் தடுத்து அறிவின் வழியே செலுத்தும் மணியாக நடித்தவர், முன்னே நண்பனைக் குடியில் தள்ளிய அதே பாலையாதான். 1956இல் 'மதுரை வீரன்' வந்தது. இருபதாண்டுகட்கு முன் தம்மோடு ஒரே படத்தில் சிறு வேடத்தில் தோன்றிய இராமச்சந்திரன் நாட்டின் பெருநாயகராய் ஓங்கி நிற்க, பாலையா நரசப்பனாய் நின்று அவரை எதிர்த்தார். இவ்வாறு 1972இல் மறையும்வரை முப்பத்தாறு ஆண்டுக் காலம் அவர் திரையில் விளங்கினார்.

இடையில் அவரும் நாயகராயினார் என்பதைப் பலர் அறியார். 'சித்ரா' (1946), 'மோகினி' (1948) முதலிய படங்களில் நாயக வேடம் அவருக்கு வாய்த்தது. அங்கேயே நிற்கவேண்டுமென்று அவர் அடம்பிடித்திருப்பின், இன்று அவரைப்பற்றி எழுத எமக்கு ஒன்றும் இருந்திராது என்றே எண்ணுகிறோம். நடுவிடத்திலிருந்து பக்கத்து இடத்திற்கு மீண்டும் வந்து நின்று, அங்கே முன்னினும் சிறப்பாக நடித்தார். இது எளிதன்று. நாமெல்லாம் வகுப்பில் ஒருமுறை முதலிடம் பெற்றுவிட்டால், மறுமுறை மூன்றாமிடம் பெறும்போது படும் பாட்டை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

நாயகரின் நிலையோ வேறு. பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944இல் தொடங்கிச் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டிறுதியிலேயே அவர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டார், 1947இல் விடுதலையடைந்தார். குரல் அவரிடமே இருந்தது. காலம் அவரிடம் இல்லை. அதன்பின் வந்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959இல் அவர் மறைந்தார். மக்கள் நாயகரிடம் நடிப்பை மட்டும் நாடுவதில்லை; தம் இளமையை, தம் கனவை அவர்மேல் ஏற்றிவைக்கின்றனர். கனவு கலையும்போது நாயகரும் வீழ்கிறார். பக்கத்தில் நிற்பவர்மேல் எவரும் கனவை ஏற்றுவதில்லை. ஆகவே அவர் ஒவ்வொரு படத்திலும் புதிதாக உழைத்தே எம் நம்பிக்கையை ஈட்டவேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட, அன்று எம் வழக்கிற்குத் துணைநின்றவை இரண்டு காட்சிகள். ஒன்று 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. படமெடுக்கும் பித்துக்கொண்ட மகன் செல்லப்பா, அஃதாவது நாகேஷ், தான் எடுக்கவிருக்கும் பேய்க்கதையைத் தந்தைக்குச் சொல்கிறான். பேசுபவர் நாகேஷ், பாலையா கேட்பவர். ஆயினும் பார்ப்போர் கண்கள் பாலையாவின் முகத்தைவிட்டு அகலா. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறிய அச்சம், அம்முகத்தில் சிறிது சிறிதாக ஏறுகிறது. முதலில் அசட்டை, பின் ஐயம், பின் நாற்காலியைப் பற்றும் கை. பேராசிரியர் உரையில் யாம் பலமுறை படித்தும் விளங்காதது, கைப்பேசியின் சிறு திரையில் ஐந்து நிமிடத்தில் விளங்கிற்று. (எம் ஆசிரியர் பொறுத்தருள்வாராக.)

மற்றொன்று 1965இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்'. பரஞ்சோதி முனிவரின் விறகு விற்ற படலத்தைப் பாடமாகக் கற்றோர்க்கு ஏமநாதனைத் தெரியும். வடபுலத்திலிருந்து வந்து, பாண்டியன் அவையில் தனக்கு நிகரில்லையென்று தருக்கும் பாணன் அவன். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்குப் பாலையா வாயசைத்த அவைக்காட்சியை எல்லோரும் புகழ்வர். எமக்கு அதனினும் சிறந்ததாய்த் தோன்றுவது, விறகு விற்பவனாய் வந்த இறைவன் இரவில் பாட, அதனை ஏமநாத பாகவதர் கேட்கும் இடம். பெருமிதம் குன்றி, தான் எவ்வளவு சிறியன் என்னும் இளிவரல் அங்கே தோன்றுகிறது. அங்கும் அவர் செய்வது கேட்டலே. அதே படத்தில் பாணபத்திரராக எதிரே நின்றவர் டி. ஆர். மகாலிங்கம், 1945இல் 'ஸ்ரீவள்ளி'யால் நாடே கொண்டாடிய நாயகர், பின்னர்ப் பல தாழ்வுகளைக் கண்டவர். இருவரையும் ஒரே திரையில் காணும்போது எம் வழக்கை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்று ஆண்டு கழித்துத் 'தில்லானா மோகனாம்பா'ளில் அவருக்குக் கிடைத்த வேடமும் தவில்காரர் முத்துராக்கு. நாகசுரத்தின் பக்கத்தில் அமர்ந்து, அது போகும் வழியைக் கேட்டுக் கேட்டு அடிப்பதே தவிலின் தொழில். தேர்ந்து கொடுத்தார்களோ, தற்செயலாய் அமைந்ததோ, அறியோம்.

எம் வழக்கில் ஓட்டை இல்லாமலில்லை. பாலையா நடித்த படங்களெல்லாம் நல்ல படங்கள் அல்ல. சில, அவர் வரும் காட்சிகளுக்காக மட்டுமே பார்க்கத்தக்கவை. முற்காலப் படங்கள் பல அழிந்துவிட்டமையால் அவர் நடிப்பு முழுவதையும் கண்டவர் எம்மில் எவருமில்லை. 'ஐந்தையும் காட்ட என்னால் முடியும், நீ காட்டுவாயா?' என்று நண்பர் கேட்டபோது எம்மிடம் விடையில்லை. படத்தின் தரத்தைக்கொண்டு அவர் அளக்கிறார். வேடத்தின் தரத்தைக்கொண்டு யாம் அளக்கிறோம். அளவுகோல் வேறாயின் வழக்கு எங்ஙனம் தீரும்?

தேர்வு முடிந்த மறுநாள் இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். நண்பர் 'திருவிளையாட'லை முழுவதும் பார்ப்பது. யாம் 'தி கான்வர்சேஷன்' பார்ப்பது. யாம் பார்த்துவிட்டோம். ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்டவனைப் பற்றிய கதை அது. கசேல் அவனுக்கு உதவியாளனாய்ப் பக்கத்தில் நிற்கிறார். அவரும் பக்கத்தில் நிற்பவரே என்பதை நண்பர் முன்னரே சொல்லியிருந்தால், அன்றிரவு இவ்வளவு நேரம் வாதிட்டிருக்கமாட்டோம். அவர் இன்னும் தம் பங்கைப் பார்த்து முடிக்கவில்லை. இடைவேளைவரை வந்திருப்பதாகச் சொல்கிறார்.