எண்ணெய்க் கம்பெனியின் எதிர்காலமும் குடியானவரின் நிலமும்

பூமிக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுத்து விற்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு கம்பெனி, தன் வருங்காலப் பிழைப்பை வெயிலிலும் காற்றிலும் தேடப் புகுந்திருப்பது சாதாரண மாறுதல் அன்று. இது பட்டணத்துப் பங்கு வியாபாரிகளுக்கு மட்டுமே உரிய சங்கதி என்று கிராமத்தார் எண்ணிவிடலாகாது. எண்ணெய் பூமிக்கு அடியில் கிடப்பது. வெயிலோ பூமியின் மேல் விழுவது. அடியில் கிடப்பதை எடுக்க உரிமம் கொடுப்பது சர்க்கார். மேற்பரப்பை வைத்திருப்பவர் பட்டாதாரர். ஆகவே கம்பெனியின் தொழில் அடியிலிருந்து மேலுக்கு வரும்பொழுது, அது யாருடன் பேசி உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டுமோ அவரும் மாறுகிறார். இவ்வுண்மையை நிலமுடையோர் இப்பொழுதே உணர்ந்துகொள்ளாவிடில், எண்ணெய்க் காலத்தில் கிட்டியதைக் காட்டிலும் அதிகமான பயன் வெயில் காலத்திலும் அவர்களுக்குக் கிட்டாது போகும்.

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் என்னும் ஓ.என்.ஜி.சி. 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் தேதி தோன்றியது. 1958-இல் குஜராத்தின் காம்பேப் பகுதியிலும், 1974-இல் பம்பாய்க்கு மேற்கே கடலுக்கு அடியிலும் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. பம்பாய் ஹை எனப்படும் அக்கடல் வயலே நெடுங்காலமாக நாட்டின் எண்ணெய் உற்பத்திக்குத் தலையாய ஊற்றாக இருந்து வருகிறது. காவிரி டெல்டாவிலும் நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம், கோவில்களப்பால் முதலிய இடங்களில் நெல் வயல்களுக்கு இடையே கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வெண்ணெயைச் சுத்திகரிக்க வேறொரு பொதுத்துறைக் கம்பெனி, 1993-இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில், ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்ளும் ஆலை ஒன்றை நிறுவிற்று.

இவ்வேற்பாட்டில் நிலமுடையோர் அடைந்தது யாது? மேற்பரப்பைப் பயன்படுத்தியதற்கான ஈட்டுத்தொகை மாத்திரமே. எண்ணெய்க்குரிய ராயல்டி சர்க்காருக்குச் சேர்ந்தது. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவினால், முதலில் நஷ்டப்படுபவர் பயிரிட்டவரே. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் கதிராமங்கலத்தில் குழாய்க் கசிவினால் எழுந்த கிளர்ச்சியும், அதே ஆண்டு நெடுவாசலில் வேறொரு எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும் யாவரும் அறிந்தவை. 2020-இல் தமிழ்நாடு சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதையும் தோண்டுவதையும் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே நடந்துவந்த வேலைகளை அச்சட்டம் தொடவில்லை.

இனிக் கம்பெனியின் நிலைமையைக் கவனிப்போர்க்கு இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, பழைய எண்ணெய் வயல்கள் வயதாகி உற்பத்தி தளர்ந்து வருகின்றன. நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. மற்றொன்று, கம்பெனியே தன் பணத்தை வேறு திக்கில் செலுத்தத் தொடங்கியிருக்கிறது. 2030-க்குள் 10,000 மெகாவாட் அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சக்தியை அடைவதென்றும், 2038-க்குள் தன் வேலைகளினால் எழும் கரிவளியின் நிகர அளவைச் சூன்யமாக்குவதென்றும் அது பிரகடனம் செய்துள்ளது. 2024-இல் இதற்கெனத் துணைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. 2025-இல் தேசிய அனல்மின் கழகத்தின் பசுமைக் கிளையோடு கூட்டுச் சேர்ந்து, இயங்குவதும் கட்டப்படுவதுமாக ஏறக்குறைய 4,100 மெகாவாட் உடைய அயனா என்னும் கம்பெனியை விலைக்கு வாங்கியது. கரிவளிக் கணக்கில், கம்பெனியின் சொந்த வேலைகளில் எழுவது மட்டுமே சேர்ந்துள்ளது. அது விற்கும் எண்ணெய் எரிவதால் எழுவது சேரவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. எனினும் திசை இன்னதென்பதில் ஐயமில்லை.

சிலர், லாரியும் டிராக்டரும் டீசலில் ஓடும்வரை எண்ணெய்க் கம்பெனி எண்ணெயோடு நின்றாலே போதும் என்பர். எண்ணெய் ஒரே நாளில் ஒழியப் போவதில்லை என்பது மெய்யே. ஆனால் வற்றும் கிணற்றை நம்பி நாற்று விடுபவன் எவனும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும்பொழுதே அடுத்த ஊற்றைத் தேடுவது விவேகம். ஆகவே கம்பெனி மாறலாமா என்பது இப்பொழுது கேள்வி அன்று. அம்மாறுதல் யாருடைய நிலத்தின் மேல், எந்த நிபந்தனையின் பேரில் நடைபெறும் என்பதே கேள்வி.

நிலம்

ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்திற்கு ஏறக்குறைய 4 முதல் 5 ஏக்கர் வரை நிலம் வேண்டும். பதினாயிரம் மெகாவாட்டில் ஒரு பகுதியே வெயிலினின்று பெறப்படினும் எத்தனை ஆயிரம் ஏக்கர் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாக்களின் வானம்பார்த்த பூமியைத் தேடி இத்தகைய கம்பெனிகளின் ஆட்கள் வருவது புதிதன்று. வறட்சியில் நொந்த குடியானவர் ஏக்கருக்கு ஒரு தொகை கைக்கு வந்தால் போதும் என்று விற்றுவிடுவதும், அல்லது 25 ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்திட்டுவிடுவதும் உண்டு.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. இவ்விஷயத்திலோ கணக்குப் பாராதவனுக்கே உழக்கும் மிஞ்சாது. குத்தகைத் தொகை 25 ஆண்டுக்கும் ஒரே அளவாக எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோர், ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் விலைவாசி ஏறுமாயின் நேர்வது யாதெனப் பார்க்கட்டும். முதலாண்டில் 100 ரூபாயாக இருந்த தொகை, கடைசி ஆண்டில் இன்றைய 30 ரூபாயின் பொருளையே வாங்கும். கம்பெனிக்கு நிலம் அவ்வளவும் பயன் தர, உரியவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாரமே மிஞ்சும். ஆகையால் குத்தகை ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயருமாறு பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுதல் அவசியம். தவணை தவறினால் என்ன செய்வது, கம்பெனி கைமாறினால் யார் பொறுப்பு, முடிவில் கண்ணாடிப் பலகைகளையும் காங்கிரீட்டுத் தூண்களையும் பெயர்த்தெடுத்து நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது யார் செலவில் என்பனவும் அதில் காணப்படல் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவு செய்யப்படவேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. வெள்ளைத்தாளில் எழுதிய உடன்படிக்கையை நம்பி ஒரு தலைமுறைக்கு நிலத்தை விடுவது அறிவுடைமையாகாது.

இதனினும் மேலான வழி ஒன்று உண்டு. 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய குசும் திட்டத்தின் முதற்பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள சிறு மின் நிலையங்களைக் குடியானவரோ, கூட்டுறவுச் சங்கமோ, உற்பத்தியாளர் சங்கமோ, பஞ்சாயத்தோ தாமே நிறுவி மின்சாரத்தை விற்கலாம் என்று வகுத்தது. துணைமின் நிலையத்திற்கு அருகில் தரிசு வைத்திருப்போர் நாலைந்து பேர் ஒன்றுசேர்ந்தால் இதற்குரிய நிலம் அமைந்துவிடும். குறைவது முதல். அம்முதலை அளிக்க ஓ.என்.ஜி.சி. போன்ற கம்பெனிக்கு வல்லமை உண்டு, கடமையும் உண்டு. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் மத்திய சர்க்காரின் கையில், அதாவது ஜனங்களின் கையில் இருக்கின்றன. பூமிக்கடியிலிருந்த பொதுச் செல்வத்தை விற்றே அது வளர்ந்தது. பெரிய கம்பெனிகளை விலைக்கு வாங்குவதோடு நில்லாமல், புது முதலீட்டில் ஒரு பங்கைக் குடியானவரோடு கூட்டாக நிறுவும் சிறு நிலையங்களுக்கென ஒதுக்குமாறு அதைக் கேட்பது தானம் கேட்பதாகாது.

டென்மார்க்கு தேசத்தின் அநுபவம் இங்கே நினைக்கத்தக்கது. 1972-இல் தொடங்கிய அத்தேசத்து எண்ணெய், எரிவாயுக் கம்பெனியாகிய டோங், படிப்படியாகக் காற்று மின்சாரத்திற்கு மாறி, 2017-இல் தன் எண்ணெய் வயல்களை விற்றுவிட்டு ஓர்ஸ்டெட் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. மாறுதல் இடறில்லாமல் நடக்கவில்லை. அமெரிக்கக் கரையோரத் திட்டங்களில் 2023-இல் பெருநஷ்டம் அடைந்தது. ஆனால் அத்தேசத்தில் காற்றாலைகளுக்குக் குடிகளின் ஆதரவு நிலைத்ததற்குக் காரணம், அக்கம்பக்கத்தாரும் அவற்றில் பங்கு வைத்திருந்ததே. 2000-ஆம் ஆண்டில் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் நாட்டிய 20 காற்றாலைகளில் 10, ஏறக்குறைய 8,500 அங்கத்தினர் கொண்ட கூட்டுறவுச் சங்கத்திற்கே சொந்தமாயிருந்தன; மற்றப் பத்தும் நகர மின்சாரக் கம்பெனிக்கு உரியவை. பாதி கம்பெனிக்கு, பாதி ஊராருக்கு என்னும் அம்முறை இங்கே மட்டும் நடவாது என்பதற்குக் காரணமில்லை.

வைக்கோலும் கரும்பும்

எண்ணெய்க் கம்பெனிகள் வயலை நாடி வரும் மற்றொரு வழி, விளைபொருளும் அதன் கழிவும் ஆகும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், சாணம், சர்க்கரை ஆலைச் சக்கை மண், வைக்கோல் இவற்றினின்று உண்டாகும் அழுத்திய சாண எரிவாயுவைப் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் விலைக்கு வாங்கும் ஏற்பாடு வந்தது. அவற்றுள் ஒன்றான இந்துஸ்தான் பெட்ரோலியம் 2018 முதல் ஓ.என்.ஜி.சி.க்கு உட்பட்டது. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் கம்பெனி 2022-இல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலினின்று 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கத்துடன் கட்டப்பட்டது.

வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் பஞ்சாபுக்கும், அதை மாட்டுக்குப் போட்டு வளர்க்கும் தஞ்சைக்கும் நியாயம் ஒன்றல்ல. நெற்பயிர் உண்ட சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலிலேயே நிற்கிறது. ஆண்டுதோறும் வைக்கோலைக் கட்டு கட்டாக வெளியேற்றினால் அச்சத்தும் வெளியேறும். பின்னர் பொட்டாஷ் உரத்தை விலை கொடுத்து வாங்க நேரும். சாண எரிவாயு ஆலைக்கு வைக்கோல் கொடுப்போர், எரிவாயு போக மிஞ்சும் கரைசல் உரம் தம் வயலுக்கே திரும்பி வருமாறு உடன்படிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வைக்கோலின் விலையோடு உரத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தே லாபநஷ்டம் தீரும்.

கரும்பையும் மக்காச்சோளத்தையும் எத்தனாலாக்குவது பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2013-14-இல் நூற்றுக்கு 2 பங்குக்கும் குறைவாக இருந்து, 2025-இல் 20 பங்கை எட்டியது. இது கரும்புக்கும் மக்காச்சோளத்திற்கும் புதிய கிராக்கியை உண்டாக்கிற்று. ஆனால் 2023 டிசம்பரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வருமென்று அஞ்சி, கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்துவதை மத்திய சர்க்கார் ஓர் உத்தரவினால் கட்டுப்படுத்தியது. ஒரே கிராக்கியை நம்பி ஊர் முழுவதும் ஒரே பயிரைச் சாகுபடி செய்வதின் அபாயம் இதனால் விளங்கும். தண்ணீர் குறைந்த இடத்தில் காருக்கும் லாரிக்கும் கரும்பு வளர்ப்பது, நாளடைவில் குடிநீருக்கே இடையூறாகலாம்.

சூரிய பம்புசெட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். காசில்லாமல் பகல் முழுதும் இறைக்கலாம் என்று இறைத்தால் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றும். தேவைக்கு இறைத்து, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்கும் ஏற்பாடு கிடைக்குமிடத்தில் அதுவே குடியானவருக்கும் நிலத்தடி நீருக்கும் நல்லது.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

இம்மாறுதலில் கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் வகிக்கும் ஸ்தானம் பெரிது. புஞ்சைத் தரிசு என்று அடங்கலில் எழுதியிருப்பதெல்லாம் யாருக்கும் பயன்படாத நிலம் அன்று. ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் அதை நம்பியிருக்கலாம். கண்மாய்க்கு நீர் வரும் ஓடை அதன் குறுக்கே ஓடலாம். நிலத்தைச் சமப்படுத்தும்போது ஓடை தூர்ந்துபோனால், கீழேயுள்ள ஆயக்கட்டு முழுவதும் பாழாகும். அளவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் நடந்து பாராமல் தடையில்லாச் சான்று வழங்குவது பெருந்தவறு. பட்டாதாரர் வெளியூரிலிருக்க, பல ஆண்டாகப் பயிரிட்டு வரும் குத்தகைக்காரர் பெயர், 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். விஷயம் கிராம சபையில் பகிரங்கமாக வாசிக்கப்பட வேண்டும்.

டெல்டாவில் வற்றிப்போன கிணறுகளைச் சிமெண்டிட்டு உறுதியாக அடைத்து, சரளை கொட்டிய களத்தை மறுபடியும் நடவுக்கு ஏற்ற வயலாக்கித் தருவதும் கம்பெனியின் எதிர்காலத்தில் ஒரு பகுதியே. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்குவதே முறை. எந்தெந்தக் களம் இவ்வாறு திருப்பித் தரப்படாமல் கிடக்கிறது என்னும் ஜாபிதாவை ஒவ்வொரு கிராமத்திலும் தயாரித்து மேலதிகாரிகளுக்கு அனுப்புதல் நலம்.

எண்ணெய்க் காலத்தில் குடியானவர் கேட்கப்படாதவராக இருந்தார். ஏனெனில் கம்பெனிக்கு வேண்டியது அவருடைய நிலத்துக்கு அடியில் இருந்தது. இனி அதற்கு வேண்டியது அவருடைய வரப்புக்குள்ளேயே விழும் வெயிலும், அவருடைய களத்தில் போராகக் கிடக்கும் வைக்கோலுமாகும். தனித்தனியே விலை பேசுவோர் குறைந்த விலைக்கே கொடுப்பர். சங்கமாகச் சேர்ந்து பேசுவோர் பங்காளிகளாவர். தேசத்தின் எண்ணெய்க் கம்பெனி வெயிலுக்கு மாறட்டும். அவ்வெயிலின் மகசூலில் நிலத்துக்குரியவருக்கும், அதில் உழைப்பவருக்கும் உரிய வாரம் பத்திரத்தில் ஏறட்டும்.