ஏசி பட்டனுக்கு அவசரப்படாதீர்கள்



தங்கை பேரன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். கையில் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ். நீளமான கணக்கில் ஒரே ஒரு எண் தப்பினாலும் உடனே ஏசி, மறுபடி முதலிலிருந்து. நாலாவது தடவை தப்பு வேறு இடத்தில் வந்தது!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருடம் மெக்கானிக்கல் வகுப்பில் பாடம் எடுத்த நானே கால்குலேட்டருக்கென்று ஒரு பீரியட் ஒதுக்கியதில்லை. விலை கொடுத்து வாங்கினால் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துவிட்டோம்.

விடை வந்த பிறகும் இடது அம்புக்குறியைத் தட்டினால் நீங்கள் போட்ட வரி அப்படியே திரும்பி வரும். தப்பான எண்ணின் மேல் கர்சரை வைத்துச் சரியான எண்ணைத் தட்டுங்கள், மாறிவிடும். கூடுதலாக இருந்தால் டெல். விட்டுப்போயிருந்தால் ஷிப்ட், இன்ஸ். சின்டாக்ஸ் எரர் வந்தாலும் பதற வேண்டாம், அதே அம்புக்குறி தப்பு நடந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஏசி அடித்துவிட்டாலும் போன கணக்கு போய்விடாது, மேல் அம்புக்குறியில் இருக்கிறது.

எரர் காட்டுகிற தப்பு நல்ல தப்பு. காட்டாததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு மாணவனின் பீம் வளைவுக் கணக்கில் விடை பத்தில் ஒரு பங்காக வந்தது. "ஃபார்முலாவே தெரியவில்லை" என்று வகுப்பு முன்னால் சொல்லிவிட்டேன். மறுநாள் தயங்கித் தயங்கி வந்து என் கண்முன் தட்டிக் காட்டினான். எஃகின் யங் குணகம் 2×10⁵. அதற்கு அவன் போட்டது 2, பெருக்கல், 10, இஎக்ஸ்பி, 5. அந்த இஎக்ஸ்பி பட்டனுக்குள்ளேயே பெருக்கல் பத்து இருக்கிறது. 2, இஎக்ஸ்பி, 5 போதும். அவன் போட்டது 2×10⁶ ஆகிவிட்டது. (புது மாடல்களில் பட்டன் மேலேயே ×10 என்று அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல காரியம்.) ஃபார்முலா, வழிமுறை எல்லாம் சரி. "சரி, போ" என்றேனே தவிர, வகுப்பு முன்னால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், தப்பு என்னுடையது.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒரு பீரியட் இதற்குக் கொடுங்கள். போர்டில் எழுதிப் போட்டால் ஏறாது. ஆளுக்கொரு கால்குலேட்டரைக் கையில் கொடுத்து, வேண்டுமென்றே தப்பாகத் தட்டச் சொல்லித் திருத்த வையுங்கள்.