படத்துக்கு எத்தனை புள்ளி?

புதிய படம் ஒன்றைப் பார்த்து வந்தவரிடம் "படம் எப்படி?" என்று விசாரிப்பது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். "பார்க்கலாம்", "காசுக்கு நட்டமில்லை", "முதற்பாதி திறம், பிற்பாதி இழுவை", "பாட்டுக்காக ஒருக்கால் போகலாம்" என்றெல்லாம் முன்பு மறுமொழி கிடைக்கும். இப்பொழுது மறுமொழி எண்ணாக வருகிறது. "பத்துக்கு ஏழு" என்கிறான் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். "இல்லை சேர், ஏழரை கொடுக்கலாம்" என்று திருத்துகிறான் பக்கத்தில் இருப்பவன். அந்த அரைப் புள்ளி எதற்காக என்று கேட்டால் இருவரும் சிரிக்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையிலும் நிலைமை வேறன்று. பகல் முழுவதும் விடைத்தாள் திருத்திக் களைத்தவர்கள், மாலையிற் படம் பார்த்துவிட்டு அதற்கும் புள்ளி போடுகிறார்கள். தொழில் வாசனை எளிதிற் போகாது போலும்.

இந்தப் புள்ளி வழக்கத்தைப் பற்றிச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படம் பார்த்த கையோடு சாவகாசமாகப் பேசிக்கொள்ளும் பேச்சை இகழ்பவர்களின் கட்சியில் நான் இல்லை. விமர்சனம் கற்றோர்க்குரிய துறை, தேநீர்க்கடைப் பேச்சுக்கு அதில் இடமில்லை என்று கருதும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே உளர். யாழ்ப்பாணத்தில் வின்ஸரும் றீகலும் மனோகராவும் ராணியும் நிறைந்தோடிய காலத்தில், இரண்டாங்காட்சி முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த கூட்டம் பேசிய பேச்சை இவர்கள் மறந்துவிட்டார்கள். அந்தப் பேச்சில் காரணம் இருந்தது. "தகப்பன் சாகிற இடத்திலே மகன் பாட்டுப் படிக்கிறான், இது அடுக்குமோ?" என்று ஒருவர் கேட்பார். "துக்கத்திலே படிக்கிறதுதானே ஒப்பாரி?" என்று மற்றவர் மடக்குவார். படிப்பறிவு குறைந்த இருவர், கதைக்கும் பாட்டுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றித் தெருவில் நின்று வாதிட்டனர். காரணம் பலவீனமானதாக இருக்கலாம். ஆனால் அதனோடு மல்லுக்கட்ட முடியும். ஏழரையோடு எப்படி மல்லுக்கட்டுவது? "எனக்கு எட்டு" என்று சொல்லலாம். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

படங்களுக்கு அளவு குறிக்கும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் 'நியூயோர்க் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் 1928 ஆம் ஆண்டிலேயே ஐரீன் தைரர் என்ற பெண் விமர்சகர் படங்களுக்கு நட்சத்திரங்கள் இட்டு எழுதினார். தமிழகத்தில் 'ஆனந்த விகடன்' நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுவந்தது நம் வாசகர் பலரும் அறிந்ததே. 1977 இல் வெளிவந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு அது அளித்த அறுபத்திரண்டரை மதிப்பெண் இன்றுவரை பேசப்படுகிறது. அந்த அரை மதிப்பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரீட்சகர் மேசையே கண்முன் வரும். இழுபறிப்பட்டு, ஒருவர் அறுபத்திரண்டு என்றும் இன்னொருவர் அறுபத்துமூன்று என்றும் நின்று, இறுதியிற் சமரசமானது போன்றதொரு தோற்றம். உள்ளே நடந்தது எதுவாயினும் ஆகுக.

ஆயினும் அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு பொருள் இருந்தது. நூற்றுக்கு நாற்பது என்பது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கவலைக்குள்ளாக்கும் எண். விகடனில் அது பழுதில்லாத படம் என்று பொருள்படும். அறுபதைத் தாண்டுவது அருமையிலும் அருமை. இதனை வாசகன் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே பத்திரிகையைப் படித்து, அதன் கை இறுக்கத்தை அறிந்துவைத்திருந்தான். மேலும், மதிப்பெண்ணுக்கு மேலே ஒரு விமர்சனமும் இருந்தது. எண் அதன் வாலாக வந்தது. இன்றோ மாட்டைக் காணவில்லை. வால் மட்டும் ஊர் சுற்றுகிறது.

கைத்தொலைபேசியில் இன்று நம் மாணவர் பார்க்கும் எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை ஆசிரியர்கள் விளக்கிச் சொல்வது நல்லது. 'ரொட்டன் டொமேட்டோஸ்' என்றொரு நிறுவனம் 1998 முதல் படங்களுக்கு நூற்றுவீதம் வெளியிட்டு வருகிறது. தொண்ணூறு வீதம் என்றால் படம் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி பெற்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. எழுதிய விமர்சகர்களுள் எத்தனை பேர் படத்தை நல்லது என்றனர் என்பதே அந்த வீதம். ஆகவே, நூறு பேர் சேர்ந்து "பரவாயில்லை, பார்க்கலாம்" என்று அரைமனத்தோடு சொன்னால் அப்படத்துக்கு நூறு வீதம் கிடைக்கும். அறுபது பேர் மெய்சிலிர்த்துப் புகழ, நாற்பது பேர் வெகுண்டெழுந்து ஏசினால் அறுபது வீதந்தான். யாரையும் உறுத்தாத படைப்பு மேலே மிதக்க, கூட்டத்தைப் பிளக்கும் படைப்பு கீழே அமிழும் கணக்கு இது. கலை வரலாற்றில் நிலைத்தவற்றுட் பெரும்பாலானவை எந்த வகை என்பதை வாசகரின் சிந்தனைக்கே விடுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' 1941 இல் வெளிவந்தது. உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாகப் பலராலும் போற்றப்படும் அப்படம், மேற்சொன்ன நிறுவனத்தின் பட்டியலில் நூறு வீதத்தோடு வீற்றிருந்தது. சிக்காகோப் பத்திரிகையொன்றில் 1941 ஆம் ஆண்டே வெளியான, படத்தை அவ்வளவாக மெச்சாத விமர்சனமொன்றை 2021 இல் யாரோ தேடியெடுத்துச் சேர்த்தனர். நூறு தொண்ணூற்றொன்பதாயிற்று. எண்பதாண்டு முதிர்ந்த படத்தின் புள்ளி குறைந்துவிட்டது என்று உலகெங்கும் செய்தி வந்தது. அந்த விமர்சகர் என்ன காரணம் சொன்னார் என்று ஆராய்ந்தவர் எத்தனை பேர்?

நிற்க. புள்ளியிடுதல் என்பது என்னவென்று நம்மை விட நன்கறிந்தவர் யாரும் இருக்கமுடியாது. க.பொ.த. விடைத்தாள் திருத்தச் சென்றவர்களுக்குத் தெரியும். முதலில் வினாத்தாள், அடுத்து புள்ளித் திட்டம், அதன்பின் அதைப் பற்றி ஒரு நாள் வாதம், பிறகே சிவப்புப் பேனை. எல்லாரும் ஒரே வினாவுக்கு விடை எழுதியிருக்க வேண்டும். சரித்திர விடைத்தாளை விஞ்ஞானப் புள்ளித் திட்டத்தைக் கொண்டு திருத்துவார் உண்டா? சினிமாவிலே நாளும் நடப்பது இதுதான். ஒரு படம் தனக்குத்தானே எந்த வினாவை வகுத்துக்கொண்டது என்று பாராமலே, வேறொரு படத்தின் வினாத்தாளை வைத்து அதனைத் திருத்துகிறோம்.

இதனால் நாம் இழந்தது கொஞ்சமன்று. 1977 இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' திரைக்கு வந்தது. காவலூர் இராசதுரை எழுதிய படம். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை ஆரவாரமின்றிச் சொல்லியது. நம் வீதியும் நம் வீட்டு விறாந்தையும் நம் பேச்சும் திரையில் வந்த அருமையான சந்தர்ப்பம் அது. தியேட்டரில் அது நிலைக்கவில்லை. அது பற்றி மூத்தவர்களிடம் நான் கேட்டபோதெல்லாம் ஒரே வாக்கியந்தான் கிடைத்தது: "இந்தியப் படம்போல இல்லை." அவ்வாக்கியம் முழு உண்மை. இந்தியப் படம்போல இருக்கக்கூடாது என்பதற்காகவே எடுத்த படத்துக்கு அதுவே குற்றப்பத்திரிகையானது. புள்ளி போட்டவர்கள் கையில் இருந்தது சென்னை வினாத்தாள். சிங்களச் சினிமாவுக்கும் இச்சோதனை வந்ததுண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956 இல் வெளியாகி, அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவுக்குச் சென்றது. உள்நாட்டு வசூலிலோ தோல்வி. ஆனால் அவருக்கு வாய்த்த ஒன்று நமக்கு வாய்க்கவில்லை. அவர் என்ன முயல்கிறார் என்பதைக் காரணத்தோடு எழுதக்கூடிய றெஜி சிறிவர்த்தன போன்றவர்கள் பக்கத்தில் நின்றனர். 1963 இல் 'கம்பெரலிய' வந்தபோது அதன் திரைக்கதையை எழுதியவரும் அதே றெஜிதான். நம்மிடையே கே. எஸ். சிவகுமாரன் போன்ற ஒருசிலர் தமிழிலும் ஆங்கிலத்திலும் சலியாது எழுதினர். ஒருசிலர் போதவில்லை.

அவசர அபிப்பிராயம் படத்தையே வெட்டிவிடவும் வல்லது. 2024 செப்டெம்பரில் பிரேம்குமாரின் 'மெய்யழகன்' வெளிவந்தது. நீளம் என்ற முணுமுணுப்பு எழுந்து, சில நாள்களுக்குள் ஏறத்தாழ 18 நிமிடங்கள் நீக்கப்பட்டன. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவன், ஆண்டுகள் பல கழித்து ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிறான். தன்னை அன்பால் மூழ்கடிக்கும் உறவுக்காரனின் பெயர் அவனுக்கு நினைவில் இல்லை. இவ்வளவே கதை. பிற்பகுதிப் பேச்சு எனக்கும் சற்று மிகையாகவே பட்டது. அன்பு ததும்பும் மனிதரை இத்தனை நேரம் தாங்குவது சிரமந்தான். ஆனால் என் அயல்வீட்டு மூதாட்டி, 1995 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர், வேறொன்று சொன்னார். "வீட்டை விட்டு வெளிக்கிடுற அந்த இடம் ஒண்டே எனக்குக் காணும், தம்பி. மிச்சம் எப்பிடியும் இருக்கட்டும்." அவர் பேரனோ பத்துக்கு ஆறு என்றான், படம் மெதுவாம். இரண்டும் சாவகாசமான அபிப்பிராயங்களே. பேரனின் ஆறிலிருந்து நான் படத்தைப் பற்றியும் அவனைப் பற்றியும் எதையும் அறியவில்லை. மூதாட்டியின் வாக்கியத்துக்குப் பின் அத்தொடக்கக் காட்சிகளை நான் மீண்டும் பார்த்தேன். ஆட்களின் முகத்தை விட்டுச் சுவரையும் முற்றத்தையும் பார்த்தேன்.

புள்ளிக்குச் சார்பாகவும் சொல்ல இடமுண்டு. படமாளிகைக் கட்டணம் இன்று குடும்பமொன்றுக்கு இலேசான செலவன்று. நூறு படங்களுள் எதைப் பார்ப்பது என்று தவிப்பவனுக்கு நீண்ட கட்டுரை உதவாது. சந்தைக்குப் போகிறவன் விலையைக் கேட்பதுபோல அவன் எண்ணைக் கேட்கிறான். கேட்கட்டும். படம் பார்த்து முடிந்தபின்னும் அவன் வாயில் அந்த எண்ணே எஞ்சியிருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. படம் பார்க்குமுன் எண்ணைக் கேட்டவன் அதற்கேற்பவே ரசிப்பதையும் காண்கிறேன். எட்டு என்று கேள்விப்பட்டால், அலுப்புத் தட்டும் இடத்தில் தன் அறிவிலேயே குறை காண்கிறான். ஐந்து என்றால் முதற்காட்சியிலேயே கொட்டாவி விடுகிறான். 1954 இல் பாடல் ஒன்றுகூட இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' அன்றைய பெருங்கூட்டத்தைக் கவரவில்லை. பின்னர் தமிழ்ச் சினிமா வரலாறு எழுதியவர் எவரும் அதனைத் தாண்டிப்போக முடியவில்லை. முதல்வாரப் புள்ளியை நம்பியிருந்தால் அதனைப் பிற்காலத்தவர் தேடிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒரு சிறு வேலை கொடுத்தேன். அண்மையிற் பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பத்து வரி எழுதவேண்டும், எண் கூடாது, 'சூப்பர்', 'மொக்கை' என்ற இரு சொற்களும் கூடாது. அரை மணி நேரம் வகுப்பு தவித்தது. பிறகு எழுதினார்கள். 2024 இல் வந்த வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யை இருவர் எடுத்திருந்தனர். பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணைக் குடும்பமே ஓட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகும் கதை, பின்னணி இசை அறவே இல்லை, முடிவும் சொல்லப்படவில்லை. ஏறத்தாழப் படம் முழுவதும் வாய்திறவாத மீனாவைப் பற்றி ஒரு மாணவி, "அவள் பேசினாலும் கேட்பதற்கு அந்த ஓட்டோவில் யார் இருந்தார்கள்?" என்று எழுதியிருந்தாள். மற்றவன், "ஓட்டோ ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது, ஒன்றும் நடக்கவில்லை" என்று நான்கு வரியோடு முடித்துவிட்டான். எத்தனை தரம் நின்றது, ஒவ்வொரு தரமும் யார் இறங்கினார், யார் இறங்கவில்லை என்று எழுதிவா எனத் திருப்பிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவன், படத்தை இன்னொருதரம் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்தோடு வந்தான். படம் பிடிக்கவில்லை என்பதில் இன்னமும் உறுதியாகவே நிற்கிறான். இறுதிக் காட்சி பார்ப்பவனை ஏமாற்றுகிறது என்பது அவன் கட்சி; மாணவி அதனை மறுக்கிறாள். இருவர் எழுதியதும் அடுத்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக ஒட்டப்படும்.