சாட்டிலைட்டுக்கும் இழை அறும்!

ஆரணியில தறி ஓடுறதைப் பார்த்திருக்கீங்களா மக்களே? பாவுல ஒரு இழை அறுந்தா, நெசவாளர் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுவேலை. கவனிக்காம விட்டா சேலை முழுக்கக் கோடு!

ஜி.பி.எஸ்.ஸிலும் இதே கதைதான். 2004 ஜனவரி 1 அன்னிக்கு ஒரு செயற்கைக்கோளோட அணுக் கடிகாரம் மக்கர் பண்ணிச்சு. அதை 'நம்பாதீங்க'ன்னு அறிவிக்கவே கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆச்சு. ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் உதைக்கும் பாஸ்! செல்போன்ல வழி தேடுறவன் சந்து மாறிப் போவான், பரவாயில்லை. மேகத்துக்குள்ள இறங்குற விமானம்?

அதுக்குத்தான் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செஞ்ச 'ககன்'. திருவனந்தபுரம், போர்ட் பிளேர்னு நாடு முழுக்க 15 நிலையங்கள். தான் நிற்கிற இடம் ஒவ்வொண்ணுக்கும் துல்லியமாத் தெரியும். சிக்னல் வேற இடத்தைக் காட்டினா குட்டு உடைஞ்சுது! பெங்களூருல கணக்குப் போட்டு, திருத்தத்தையும் எச்சரிக்கையையும் வேறொரு செயற்கைக்கோள் வழியா சில நொடியில விமானத்துக்கு அனுப்பிடுவாங்க.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால நம்ம தலைக்கு மேல அயனிமண்டலம் போடுற ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. அதையும் சமாளிச்சு 2015-ல சான்று வாங்கியாச்சு. 2022 ஏப்ரல்ல ராஜஸ்தான் கிஷன்கர்ல ஒரு இண்டிகோ விமானம் ககனை நம்பித் தரையிறங்கிச்சு. சோதனை ஓட்டம்தான், ஆனாலும் கெத்து!