நகல் கொடுக்காத ஸ்டேஷனும் பல்லில்லாத கமிஷனும்

ஹவுராவில் பிழைப்பு நடத்தும் தமிழர்கள் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் சாதாரணமாகப் போவதில்லை. சாமான் திருட்டுப் போனாலோ, லாரியில் யாராவது அடிபட்டாலோ, ரயிலிலிருந்து விழுந்து ஒருவர் இறந்து போனாலோதான் அந்தப் படியை மிதிக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு வேண்டியிருப்பது ஒரு காகிதம். அதைக் கேட்டால், "பெரிய பாபு வரட்டும்", "நாளைக்கு வா", "விசாரணை நடக்கிறது, கொடுக்க முடியாது" என்ற மூன்று பதில்கள் மாறி மாறி வருகின்றன. நான்காவது முறை போவதற்கு லீவு கிடைக்காது. கூலி வேலை செய்கிறவருக்கு அன்றைய கூலியும் கிடைக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். வங்காளத்தில் அந்த இடத்தில் ஜி.டி. நம்பர் தருகிறார்கள். இன்ன தேதியில் இன்னார் வந்து இன்னது சொன்னார் என்று ஸ்டேஷன் டைரியில் எழுதிக்கொண்டதற்கு அது அடையாளம், அவ்வளவே. எப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் வழக்கு என்று ஒன்று பிறக்கிறது. ஜி.டி. நம்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் பலர்.

சட்டத்தில் குறை சொல்ல இடம் அதிகம் இல்லை. கைது செய்வதற்குரிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்தே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் தீர்ப்புக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். வாயால் சொன்னால் அதிகாரி எழுதிக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும். தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ நகலை இலவசமாக உடனே கொடுக்க வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு கூறுகிறது. ஒடிசாவில் ரயில் ஓடும்போது பெட்டி திருட்டுப் போனாலும் ஹவுராவில் இறங்கிப் புகார் எழுதலாம் என்பது இதன் பொருள்.

இதற்கு முன்பே, 2016 செப்டம்பர் 7ஆம் தேதி, யூத் பார் அசோசியேஷன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு உத்தரவு போட்டது. எப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைப் போலீசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும்; இணைப்பு வசதியில்லாத இடங்களில் 72 மணி வரை அவகாசம் உண்டு. பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைக்கூட ஸ்டேஷன் அதிகாரி தாமாக எடுத்துக்கொள்ள முடியாது, டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட்டில் நகல் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டும்.

போலீஸ் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாட்சியின் பெயர் வெளியே போனால் சாட்சிக்கு ஆபத்து வரலாம். மானபங்கப்பட்ட பெண்ணின் பெயர் வெளிவரவே கூடாது. குற்றப்பத்திரிகைகளை எல்லோரும் பார்க்கும்படி இணையதளத்தில் போடவேண்டும் என்ற மனுவை 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தள்ளுபடி செய்தது. ஆனால் ஊரார் பார்ப்பது வேறு, பறிகொடுத்தவர் பார்ப்பது வேறு. தன் பெட்டி திருட்டுப் போன விவரம் அடங்கிய காகிதத்தைப் பெட்டிக்குச் சொந்தக்காரரிடமே மறைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

"விசாரணை நடக்கிறது" என்ற பதிலுக்கும் கோர்ட்டு மருந்து சொல்லியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 8ஆம் பிரிவு, விசாரணைக்கு இடையூறாகும் தகவலை மறுக்க அனுமதிக்கிறது. விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவலைக் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று காரணம் காட்ட வேண்டும் என்று டில்லி ஹைகோர்ட்டு பகத் சிங் வழக்கில் 2007இலேயே கூறிவிட்டது.

இவ்வளவு இருந்தும் காகிதம் ஏன் கிடைப்பதில்லை? கொடுக்காதவருக்கு எதுவும் நேருவதில்லை என்பதுதான் காரணம். அதே சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, காரணமின்றித் தகவலை மறுக்கும் அல்லது தாமதப்படுத்தும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். போடவேண்டியது மாநிலத் தகவல் கமிஷன். அந்தக் கமிஷனின் நிலை என்ன? சதர்க் நாகரிக் சங்கடன் என்ற டில்லி அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையில், மேற்கு வங்காளக் கமிஷனில் அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஒரு அப்பீல் கொடுத்தால் அது முடிய 24 வருஷம் ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதாவது 2047இல் தீர்ப்பு! அபராதம் விதிக்க இடமிருக்கும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நாட்டிலுள்ள கமிஷன்கள் அபராதம் விதிப்பதே இல்லை என்றும் அந்த அமைப்பு கூறிவருகிறது. ஸ்டேஷனில் இருப்பவருக்கு இது தெரியாதா என்ன?

இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதை ரயில் விபத்தில் பார்க்கலாம். டிக்கெட்டோடு பயணம் செய்த ஒருவர் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் நஷ்டஈடு உண்டு. 2017 ஜனவரி 1 முதல் இதுவே தொகை. ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் டிரிபியூனல் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தண்டவாளத்தில் சடலம் கிடந்தது என்பதாலேயே அவரைப் பயணி என்று கொள்ள முடியாது, டிக்கெட் அகப்படவில்லை என்பதாலேயே பயணி அல்ல என்று தள்ளவும் முடியாது, ஆரம்ப ஆதாரத்தைக் குடும்பத்தார் அபிடவிட் மூலம் காட்ட வேண்டும் என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? ரயில்வே போலீஸ் எழுதிய பிரேத விசாரணை அறிக்கையிலும், பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும், ரயில்வே பாதுகாப்புப் படையின் விசாரணையிலும் இருக்கிறது. சேலத்திலோ விழுப்புரத்திலோ இருக்கும் விதவைக்கு, யு.டி. கேஸ் நம்பர் என்ன என்றுகூடத் தெரியாது. மனுவுக்குக் கெடு ஒரு வருஷம். மறைத்த காகிதத்தைக் கமிஷன் மூலம் வாங்க 24 வருஷம் என்றால், அந்தச் சட்டத்தால் அவளுக்கு என்ன பயன்?

பணத்தோடு இது முடிவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷன் பதிவேடுகளை ஒழுங்காகக் காட்டவில்லை. கேமராப் படங்கள் தினந்தோறும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அவர் மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சுக்கு எழுதினார். தடயங்களைக் காப்பதற்காக அந்த ஸ்டேஷனையே ரெவின்யூ இலாகாவின் பொறுப்பில் விடும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. மாஜிஸ்திரேட்டுக்கே அந்தக் கதி என்றால், ஊர் விட்டு ஊர் வந்த கூலிக்காரர் எம்மாத்திரம்?

இருந்தாலும் கேட்டு வாங்கிய வரலாறும் இதே வங்காளத்தில்தான் இருக்கிறது. 1986 ஆகஸ்டில், மேற்கு வங்காள சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, போலீஸ் காவலில் நடந்த சாவுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கைது மெமோவில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், டைரியில் பதிய வேண்டும் என்ற விதிகள் நாடு முழுவதற்கும் அதிலிருந்து பிறந்தன. பத்து வருஷமானாலும், எழுத்தில் கேட்டதால் கிடைத்தது.

ஆகவே எழுத்தில் கேட்பதே வழி. புகாரை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். எப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ரயிலிலும் ரயில் நிலையத்திலும் நடந்ததானால் ரயில்வே போலீஸ் சூப்பிரண்டுக்கு. அதற்கும் பலன் இல்லையென்றால் தபால் ரசீதையும் அபிடவிட்டையும் இணைத்து மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். தகவல் மனுவை வங்காளி, இந்தி, ஆங்கிலம் இவற்றில் எழுத வேண்டும். இங்கே தமிழில் எழுதினால் செல்லாது. ஜி.ஆர்.பி. மாநில சர்க்காரைச் சேர்ந்தது, ஆர்.பி.எப். மத்திய சர்க்காரைச் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆர்.பி.எப். காகிதத்துக்கு அப்பீல் டில்லியிலுள்ள மத்தியக் கமிஷனுக்குத்தான் போகும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் அப்பீலைப் போட்டுவிட வேண்டும். அது அதே இலாகாவின் மேலதிகாரியிடம் போவதால் கமிஷன் வரை போகாமலே காரியம் முடிய வாய்ப்புண்டு.

இதைத் தனி மனிதர் செய்வது கஷ்டம். பொங்கலுக்கும் சித்திரை விழாவுக்கும் ஆயிரக்கணக்கில் வசூல் செய்யும் தமிழ் அமைப்புகள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மனு எழுதித் தர வங்காளி தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் அது பெரிய தொண்டாகும். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. சர்க்கார் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. கமிஷனில் காலியிடம் வைக்காமல் ஆட்களைப் போட்டு, தேங்கிய அப்பீல்களை முடித்து, மறைத்த அதிகாரியின் சம்பளத்திலிருந்து அபராதத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு ஸ்டேஷனில் ஒரு அதிகாரிக்கு 25,000 ரூபாய் பிடித்தால் போதும். மறு மாதமே பக்கத்து ஸ்டேஷன்களில் நகல் கேட்டவுடன் கிடைக்க ஆரம்பித்துவிடும்.